ஆவுடையப்பனின் வேன் கிளம்பாத நாட்கள்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆவுடையப்பன் தன் நீல வேனில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைத் திருப்பியபோது வண்டி கிளம்பவில்லை என்பதையும், அன்றிலிருந்து முப்பத்தேழு நாள் செம்பூரணியில் எதுவுமே கிளம்பவில்லை என்பதையும் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் மட்டும் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பிக் கிழித்துவிட்டதா என்ன.

அது இருபத்தெட்டு வருடத்து டீசல் வேன். மாப்பிள்ளை அழைப்பு முதல் ஆட்டுக்கிடா வரை எல்லாவற்றையும் சுமந்து, கதவைக் கயிற்றால் கட்டி, முன் கண்ணாடியில் விரிசலோடு எங்கள் ஊருக்கு உழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு உடம்பு சரியில்லை என்றால் ஆவுடையப்பன் தன் உடம்பைவிட அதிகமாகக் கவலைப்படுவார். அன்றும் பல்கூட விளக்காமல் ஓடிப்போய், ரைஸ் மில்லுக்கு எதிரே தகரக்கொட்டகையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பரமார்த்தலிங்கத்தைக் கையோடு கூட்டிவந்தார்.

லிங்கண்ணாச்சி என்று நாங்கள் அழைக்கும் பரமார்த்தலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது, மனைவி செல்லக்கனி போய் எட்டு வருடம் ஆகிவிட்டது, ஒரே மகள் பொன்செல்வி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். அதனால் பிள்ளையைப் பெறப்போகிறவளைவிட அண்ணாச்சிதான் அதிகமாகப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். ஏழாம் மாதமே லாரி ஸ்பிரிங்கை வளைத்துத் தொட்டில் கொக்கி செய்து உத்தரத்தில் மாட்டிவிட்டு, தினமும் அதில் தொங்கிப் பார்த்து பலம் சோதித்த மனிதர் அவர்.

எந்த வண்டி வந்தாலும் அண்ணாச்சி முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். கடைசியாக எப்படி ஓடியது, கடைசியாக எப்படி நின்றது என்று இரண்டு கேள்வி கேட்பார். பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பார்.

"நேத்து எப்படி ஓடுச்சு?"

"பட்டு மாதிரி ஓடுச்சு அண்ணாச்சி."

"எப்படி நின்னுச்சு?"

"நான்தான் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், நின்னுது."

"பொறவு என்னவே. ஏறி இருந்து செல்ப் அடியும்."

செல்ப் நன்றாகச் சுற்றியது, பேட்டரியில் குறை இல்லை, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று நட்டை இளக்கிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வராமல் டீசல் கண்ணீர்போல வந்தது. ஹீட்டர் பிளக்குகள் தணல்போலச் சிவந்தன. டீசலைப் பீச்சும் நாசிலைக் கழற்றி வெளியே வைத்து அடித்தார், புகைபோலத் தெளித்தது. அது இருந்த துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், எஞ்சின் விரலைத் தூக்கி எறிந்தது. காற்று வருகிறது, டீசல் வருகிறது, சூடு வருகிறது, அமுக்கம் இருக்கிறது, ஒரு டீசல் வண்டி கிளம்ப இதற்குமேல் என்ன வேண்டும்? நாலாம் நாள் எஞ்சினையே இறக்கி, சாக்கு விரித்து, ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அளந்து, மறுபடி பூட்டினார். ஒரு வாஷர்கூட மிஞ்சவில்லை. வண்டி கிளம்பவில்லை.

அண்ணாச்சி சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்.

"இதுக்கு ஒரு கேடும் இல்லவே."

"அப்ப நல்ல சேதிதானே அண்ணாச்சி?"

"கெட்ட சேதி. கேடு இருந்தா சரி பண்ணிருவேன். ஒண்ணுமே இல்லைன்னா நான் எங்கவே போய்க் கையை வைக்க?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை, அதனால் கொஞ்சம் பயந்துதான் போனோம்.

அடுத்து ஸ்கூட்டர்கள் கிளம்பவில்லை, பிறகு டிராக்டர், பிறகு பஞ்சாயத்துத் தண்ணீர் மோட்டார், பிறகு அடுப்புகள். ஓடிக்கொண்டிருந்தது எதுவோ அது ஓடிக்கொண்டே இருந்தது, நின்றது எதுவோ அது நின்றதுதான். ரைஸ் மில்காரர் விவரமானவர், சேதி கேட்டதும் மில்லை நிறுத்தாமல் விட்டுவிட்டார், அரைக்க நெல் இல்லாமலே அது இரவும் பகலும் கடகடவென்று காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. டீக்கடை பாய்லரில் மட்டும் அன்று காலை போட்ட நெருப்பு இருந்ததால், ஊர்ப் பெண்கள் தேங்காய்ச் சிரட்டையில் அங்கிருந்து கங்கு வாங்கிப்போனார்கள். இது அடுப்புப் பற்றவைப்பது ஆகாது, டீக்கடை அடுப்பை நம் வீடுவரை நீட்டிக்கொள்வதுதான் என்று பேசி முடிவுசெய்தோம், நெருப்பும் அதை ஏற்றுக்கொண்டது. நடையும் பேச்சும் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வந்தன. அதிலும் பேச்சு, எங்கள் ஊர் வாயை எந்த நோய் வந்து என்ன செய்துவிட முடியும்.

மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான், நாங்கள் இரண்டே வாரத்தில் பழகினோம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்ததால் மூன்றாம் பாடமே நடந்தது, வாசலில் படுத்திருந்த நாய்க்குக்கூட அது மனப்பாடம் ஆகிவிட்டது. கருப்பசாமியின் மகள் கல்யாணத்தில் நாகசுரக்காரர் வாயில் வைத்த வாத்தியம் ஊதாமல் நின்றது, மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி முகூர்த்தம் தாண்டும்வரை சிலையாக உட்கார்ந்திருந்தான், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதுவதா வேண்டாமா என்று குழம்பி, எழுதாமலே போனார்கள். வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், விட்டால் மறுபடி பிடிக்க முடியாது என்று முறைவைத்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். தீபாவளிக்கு ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி விவரம் தெரியாமல் ஜீப்பை நிறுத்திவிட்டார், அறிக்கை எழுதப் பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நிற்காமல் உருண்டுபோகும் டவுன் பஸ்ஸில் ஓடி ஏறிப் போய்விட்டார். அந்த ஜீப்பில் இப்போது கோழிகள் அடைந்தன.

எல்லாவற்றுக்கும் பழகினோம், பொன்செல்வியின் வயிற்றுக்கு மட்டும் எங்களால் பழக முடியவில்லை.

பிரசவத்துக்குத் தீபாவளியை ஒட்டி நாள் குறித்திருந்தார்கள். நாள் வந்தது, போனது, வலி வரவில்லை. ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. ஊர்க்கோடியில் குடியிருக்கும் நர்ஸ் எஸ்தர் தினமும் வந்து வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, பொன்செல்வியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவாள். பதினாலாம் நாள் வாசலில் நின்று அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னாள். "துடிப்பு இறங்குதுண்ணாச்சி. இனியும் இருக்கக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க."

ஓடுகிற பஸ்ஸை நாங்கள் பத்துப் பேர் முன்னால் நின்று மெதுவாக்கி, அவளை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தோம். ஆஸ்பத்திரியில் வலி வருவதற்கு டிரிப் ஏற்றினார்கள், பாட்டிலின் வாயில் திரண்ட முதல் சொட்டு கீழே விழாமல் சாயங்காலம்வரை அங்கேயே தொங்கியது. அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா கத்தியை எடுத்தார், ஓங்கிய கை ஓங்கியபடியே, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டார். நோய் ஊரில் இல்லை, எங்களோடு வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மற்ற நோயாளிகளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து, கைகூப்பி, எங்களை அனுப்பிவைத்தார்கள்.

திரும்பிவந்த அண்ணாச்சி வீட்டுக்குப் போகவில்லை. மகள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. நேரே வேன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். முப்பது வருடமாக எத்தனையோ வண்டிகளை ஓடவைத்த கையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"வே, அன்னைக்கு வண்டி எப்படி நின்னுச்சுன்னு கேட்டேன். எங்க நின்னுச்சுன்னு கேக்கலையே. எங்க நின்னுச்சு?"

"இங்கதான் அண்ணாச்சி. நாலு எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி, பத்தடி நகட்டி நிறுத்தினேன். ஒன்பதே காலுக்கு நல்ல நேரம் முடியுதுல்லா."

"எங்க போறதுக்குக் கிளப்பினீரு?"

"கன்னியாகுமரிக்கு. எம் பொண்டாட்டி கோமதி, கடலுக்குள்ள சூரியன் வாரதைப் பாக்கணும்பா. தையில போலாம்னு இருந்தேன். நல்ல நேரத்துல கிளப்பி வச்சிட்டா, பொறவு என்னைக்குப் போனாலும் அன்னைக்கே கிளம்பினதா ஆயிரும்லா."

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுக்கு எதையும் முடிக்க நல்ல நேரம் வேண்டாம், தொடங்க மட்டும் கண்டிப்பாக வேண்டும். நல்ல நேரம் வருகிற நாளில் நமக்கு வேலை இருக்கும், வேலை ஒழிந்த நாளில் நல்ல நேரம் இருக்காது. ஆகையால் பயணம் போகிறவர்கள் துணிப்பையை மட்டும் நல்ல நேரத்தில் எடுத்துப்போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவோம். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. இதையே கல்யாணத்துக்கு, கட்டடத்துக்கு, கிணற்றுக்கு, படிப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் நீட்டி வைத்திருந்தோம். ஒரு கூடை ஜல்லி கொட்டினால் வீடு தொடங்கியாயிற்று, ஒரு வெட்டு வெட்டினால் கிணறு தொடங்கியாயிற்று. அந்த விஜயதசமி ரொம்ப விசேஷமானது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்ததால், ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கையில் அகப்பட்டதை எல்லாம் தொடங்கி வைத்துவிட்டிருந்தோம்.

அண்ணாச்சி எழுந்து வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது கிளம்பாத வண்டி இல்லவே. கிளம்பின வண்டி. கன்னியாகுமரிக்குப் போற வழியில நிக்கி. கிளம்பினதை எப்படிவே கிளப்ப முடியும்? ஒண்ணு கொண்டுபோய்ச் சேக்கணும், இல்ல பின்னால திருப்பணும்."

முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பார்த்தோம். இளவட்டங்கள் பதினாறு பேர் கன்னியாகுமரி நோக்கி வேனைத் தள்ளினார்கள், ஊர் எல்லைக் கல்லைத் தாண்டுவதற்குள் நாலு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆகவே திரும்பத் தள்ளிவந்து, எலுமிச்சம்பழத் தோல் காய்ந்து ஒட்டியிருந்த இடத்தையும் தாண்டி, விஜயதசமிக்கு முன்னால் எங்கே நின்றதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். ஆவுடையப்பன் சாவியைத் திருப்பினார். ஒரு இருமல், கொஞ்சம் கரும்புகை, அவ்வளவுதான், வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஊரே கூத்தாடியது. கோமதி வீட்டுக்குள் ஓடி, பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இனி நாள்லாம் பாக்கவேண்டாம். இன்னைக்கே போயிருவோமா?"

"எங்க?" என்றார் ஆவுடையப்பன்.

"கன்னியாகுமரிக்கு."

"அங்க என்ன இருக்கு?" என்று அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு விஜயதசமிக்கும் கிளப்பிக் கிளப்பி வைத்த ஆசை, வண்டி பத்தடி பின்னால் வந்ததும் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. ஆசைப்பட்டது ஞாபகம் இருந்தது, எதற்கு ஆசைப்பட்டோம் என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கோமதி புடவையை மடியில் வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதைப் பார்த்தும் நாங்கள் நிறுத்தவில்லை. அடுத்த மூன்று நாளில் ஊர் மொத்தமும் பின்னால் போனது. கொட்டிய ஜல்லியை அள்ளினோம், சிலேட்டில் எழுதிய எழுத்தை அழித்தோம், வெட்டிய குழியை மூடினோம். அள்ளியவருக்கு வீடு கட்டும் ஆசை போனது, மூடியவருக்குக் கிணறு மறந்தது, ஆனால் இல்லாத ஆசை யாருக்கு வலிக்கும், அவர்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு போனார்கள். விஜயதசமியில் பந்தக்கால் நட்டு, இப்போது அதைப் பிடுங்கியவர் கருப்பசாமி என்பதால் அவருக்கு மட்டும்தான் கல்யாண ஆசை போனது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அது அப்படியே இருந்தது. ஆகவே தாலி ஏறியது, கருப்பசாமி பந்தியில் விருந்தாளிபோல உட்கார்ந்து சாம்பாரில் உப்புக் குறைவு என்றார். தொடங்கி வைத்தவருக்குத்தான் போகும் என்று இதிலிருந்து எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஊர் முழுக்க எஞ்சின் சத்தம் கேட்டது. பொன்செல்விக்கு மட்டும் வலி வரவில்லை.

ஏன் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். குறித்த நாள் அமாவாசையை ஒட்டி வருகிறது என்று பயந்து, அதே விஜயதசமி காலையில், பிரசவத்துக்கான துணிப்பையை நர்ஸ் எஸ்தர் வீட்டில் கொண்டுபோய் வைத்தது அவர்தான். தன் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து, ஒரு கிலுகிலுப்பையும் சேர்த்து, பொன்செல்வியிடம்கூடச் சொல்லாமல், பேரப்பிள்ளை நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது என்ற நிம்மதியோடு திரும்பிவந்திருந்தார். இப்போது எஸ்தர் குழலை எடுத்துவிட்டு, "நாளைக்கு மேல தாங்காதுண்ணாச்சி" என்று சொன்னாள்.

அன்று மத்தியானம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"எப்பா, வேற வழி இல்லையா?"

"நானும் தலையைப் பிச்சுப் பாத்துட்டேன் தாயி. பெத்து முடிச்சா முடியும். பெறதுக்கு வலி வரணும்லா. பையைத் திருப்பி எடுத்தாத்தான் வலி வரும்."

"எடுத்தா உங்களுக்கு..."

"போவட்டும்."

"என்னப்பா போவட்டும்னு சொல்லுதீங்க? இந்தப் பிள்ளைக்காக நீங்க எத்தனை நாளாக் காத்துக் கிடந்தீங்க."

"நீ வச்சிருந்தேன்னா உன் ஆசைல்லா போயிருக்கும்? பிள்ளை பிறந்ததும் தாயே அதை யாரோன்னு பாத்தா அது எங்கம்மா போவும்? நான் வச்சதுதான் நல்லதாப் போச்சு."

பொன்செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். பெண் என்றால் செல்லக்கனி என்றுதான் பெயர் வைக்கவேண்டும் என்று நினைத்திருந்ததை, தூக்குவதற்கு முன் தேங்காயெண்ணெய் போட்டுக் கையிலிருக்கும் கிரீஸை எல்லாம் எடுத்துவிடவேண்டும் என்று நினைத்திருந்ததை, ஒர்க்‌ஷாப்பில் பழைய கார் சீட் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்திருப்பதை, குளிப்பாட்டிய பிள்ளையின் உச்சந்தலையை மோந்து பார்க்கவேண்டும், செல்லக்கனி இவளைக் குளிப்பாட்டிக் கையில் கொடுத்த அன்று வந்த வாசம் வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்று நினைத்திருந்ததை. அவள் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள்.

பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். எஸ்தர் வீட்டு அலமாரியில் மஞ்சள் பை அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, இப்ப ராகு காலம்" என்றாள் எஸ்தர் பழக்கதோஷத்தில், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்மா" என்று பையை வாங்கிக்கொண்டார்.

நாங்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். யாரும் பேசவில்லை, எங்கள் ஊர் வாய் அடைத்துப்போனது அன்று ஒருநாள்தான். அவர் முதலில் வேகமாக நடந்தார், மில்லைத் தாண்டும்போது ஓடினார், பிறகு வீட்டுக்கு நாலு வீடு இருக்கும்போது நடை தளர்ந்தது, எதற்காக ஓடுகிறோம் என்பதுபோலக் கையிலிருந்த பையை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் நிற்காமல் போய் வாசலில் பையை இறக்கி வைத்தார். உள்ளே பொன்செல்வி அலறினாள். எஸ்தர் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். அண்ணாச்சி படியில் உட்கார்ந்து, ஒரு ஆட்டோவுக்கு பிரேக் பார்க்கவேண்டியிருக்கிறது என்று எங்களிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம், மூன்றரைக் கிலோ, என்று எஸ்தர் வெளியே வந்து சொன்னதும் கோமதி எல்லோருக்கும் சீனி கொடுத்தாள். அண்ணாச்சியும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நல்லது என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். பொன்செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினாள்.

"எப்பா, பிடிங்க."

"கையில கிரீஸா இருக்கு."

"இல்ல, பாருங்க. கழுவிட்டுத்தான் வந்திருக்கீங்க."

அவர் கையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார்.

"எம்மா, எனக்கு ஒண்ணும் தோணலியே. இங்க ஒண்ணு இருந்துச்சு, அது தெரியுது. இப்ப இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

"தோணவேண்டாம்ப்பா. கழுத்து நிக்காது, அதைத் தாங்கிப் பிடிங்க. அது போதும்."

அவர் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கை மரத்துப்போகும் என்று எஸ்தர் மாற்றிப் பிடிக்கச் சொன்னாள், அவர் மாற்றவில்லை. குழந்தை பாலுக்கு அழும்வரை அப்படியே பிடித்திருந்தார்.